இயந்திரம் மாற்றிய மலைவண்டியும் புகைப் பரிசோதனையும்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் உச்சியை நோக்கி ஏறும் பாதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலுள்ள நகரத்தை விட்டுப் புறப்பட்டால், மிளகும் கொக்கோவும் வளரும் தோட்டங்களைக் கடந்து, தேயிலை மலைகளுட் புகுந்து, ஈற்றில் தேயிலையும் நின்றுபோய்க் காற்றும் மூடுபனியுமே குடியிருக்கின்ற 1,400 மீற்றர் அளவான உயரத்தை அடைகிறோம். அதற்கப்பால் பாதை இலுக்கும்புர, லக்கல என்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்திலே இறங்குகிறது. பெருந்தெருவிலே சிறிய கார்களும் ஏறிவிடுகின்றன. ஆனால் தெருவை விட்டுத் தோட்டத்துக் கற்பாதைகளிலும் சேற்றுத் தடங்களிலும் இறங்கியவுடன் கதை வேறாகிறது. மழைக்காலத்திலே அங்கு நான்கு சக்கரங்களும் இழுக்கின்ற வண்டி ஒன்று இல்லையேல், நோயாளியும் வைத்தியசாலை சேர்வதில்லை. மரக்கறி மூட்டையும் சந்தை சேர்வதில்லை.

இத்தகைய பாதைகளில் இன்றும் உழைத்துவரும் பழைய லாண்ட்றோவர்களையும் வில்லிஸ் ஜீப்புகளையும் காணும்போது, அவற்றின் வயதை எண்ணி வியப்போர் உண்டு. லாண்ட்றோவர் 1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அம்ஸ்ரடாம் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்யப்பட்டது. அத்தட்டுப்பாடே அவ்வண்டிக்கு நீண்ட ஆயுளை அளித்தது எனலாம். உடல் துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்தாலும் ஒட்டுவேலை செய்வோர் ஊருக்கு ஒருவர் இருக்கின்றனர். ஆனால் இயந்திரம் அவ்வாறன்று. 2,286 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அந்தப் பழைய பெற்றோல் இயந்திரம் தேய்ந்து முடிந்தபின், உதிரிப்பாகம் தேடி அலைவதிலும் பெற்றோலுக்குப் பணம் கொட்டுவதிலும் சலித்துப்போன உரிமையாளர், பழுதாகிக் கிடக்கும் ஒரு வானிலிருந்தோ லொறியிலிருந்தோ ஜப்பானிய டீசல் இயந்திரம் ஒன்றைக் கழற்றி அதிலே பொருத்திவிடுகிறார். இசுசு சி 240, நிசான் டி.டி. 27, டொயோட்டா 2 எல் என்னும் பெயர்களை இத்தொழிலில் உள்ளோர் தம் பிள்ளைகளின் பெயரைப்போலச் சொல்வார்கள். 2020 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்திலே, இருக்கின்ற வண்டியைப் புதுக்கி ஓட்டுவதன்றி வேறு வழியும் இருக்கவில்லை.

வண்டி மலை ஏறுகிறது; எரிபொருட் செலவும் குறைகிறது. இடர் வருவது ஆண்டுக்கொருமுறை, புகைப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் நாளிலே. அந்நாளிலே ஏன் இவ்வண்டிகள் தடுக்கி விழுகின்றன, விழாதிருக்க என் செய்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின் கீழ், வாகனப் புகைக்கு எல்லை வகுக்கும் ஒழுங்குவிதிகள் 2000 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டன. அவை நடைமுறையில் உயிர் பெற்றது 2008 ஆம் ஆண்டிலே, பரிசோதனை நிலையங்களை நடத்தும் பொறுப்பு இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோதுதான். பிரதேச செயலகத்திலே வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்வோர், காப்புறுதிச் சான்றோடு புகைச் சான்றிதழையும் காட்டவேண்டும். சான்றிதழ் இல்லையேல் அனுமதிப்பத்திரம் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத வண்டியைத் தெருவில் இறக்குவது குற்றம். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இஃது ஒரு காகிதத்தின் கதையன்று. வீட்டில் உலை ஏறுவதும் ஏறாததும் இதைப் பொறுத்திருக்கிறது.

இயந்திரம் மாற்றிய வண்டிக்கு முதற் சோதனை புகைபோக்கியிலே தொடங்குவதில்லை. பதிவுப் புத்தகத்திலே தொடங்குகிறது. அப்புத்தகத்திலே இயந்திரத்தின் இலக்கமும், கொள்ளளவும், எரிபொருள் இன்னதென்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் பெற்றோல் என்று இருக்க, வண்டியின் மூடியைத் திறந்தால் டீசல் இயந்திரம் நிற்குமாயின், அளவிடுபவர் எந்த அளவுகோலைக் கையில் எடுப்பார்? பெற்றோல் வண்டிக்கு அளப்பது கண்ணுக்குத் தெரியாத வாயுக்களை. டீசல் வண்டிக்கு அளப்பது கண்ணுக்குத் தெரியும் கரியை. கருவியும் வேறு, எல்லையும் வேறு. ஆகவே இயந்திரம் மாற்றப்பட்டதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரின் பார்வைக்கு வண்டியைக் காட்டி, பதிவைத் திருத்திக் கொள்வது முதல் வேலை. இயந்திரத்தை வாங்கிய பற்றுச்சீட்டும், அது முறைப்படி நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் சுங்கப் பத்திரமும் கையில் இல்லாவிடின் இவ்வேலை நீண்டுகொண்டே போகும். விலை மலிவென்று பற்றுச்சீட்டின்றி இயந்திரம் வாங்குவோர், மிச்சம் பிடித்த பணத்தைக் கொழும்புக்கும் மாத்தளைக்கும் இடையே பேருந்துக் கட்டணமாகச் செலவழிப்பதைக் காணலாம்.

இதனைச் செய்யாது விட்டால் வரும் கேடு புகைச் சான்றிதழோடு நிற்பதன்று. விபத்து நேர்ந்தபின் காப்புறுதிக்காரர் பதிவையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒவ்வாமை கண்டால் தயங்குவதற்கு அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். வண்டியை விற்கப் போனாலும் இதே தொல்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலே, பதிவிலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் கொண்டு பங்கீடு நடந்தபோது, ஏட்டில் எழுதியிருப்பது எத்துணை முக்கியம் என்பதை நாடே கற்றுக்கொண்டது.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். டீசல் வண்டியை எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதை அறிந்தால், பாதிப் பயம் தீரும். சூடேறிய இயந்திரம் கியர் எதுவும் பொருத்தாது நின்ற நிலையில் ஓடிக்கொண்டிருக்க, புகைபோக்கியின் வாயிலே ஒரு குழாயைச் செருகுகிறார்கள். பின்னர் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுதும் அழுத்த, இயந்திரம் தன் உச்சச் சுழற்சி வரை சீறிச்செல்கிறது. உடனே காலை எடுத்துவிடுகிறார்கள். இவ்வாறு பல முறை செய்து சராசரி காண்கிறார்கள். கருவியினுள்ளே ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியை உணரும் கண். இரண்டுக்கும் இடையே புகை செல்லும்போது எவ்வளவு ஒளி மறைக்கப்படுகிறது என்பதே அளவு.

சீட்டிலே அச்சாகி வரும் எண்ணின் பொருளைப் பலர் கேட்பதில்லை. அந்த எண் 1 ஆயின், ஒரு மீற்றர் தடிப்புள்ள அப்புகையினூடாக 100 பங்கு ஒளி புகுந்தால் 37 பங்கு வெளிவரும். எண் 2 ஆயின் 14 பங்கும், எண் 4 ஆயின் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் வெளிவரும். அஃதாவது எண் இரட்டித்தால் புகை இரட்டித்ததென்று எண்ணிக் கவலையற்றிருத்தல் ஆகாது. எண் சிறிது ஏறும்போதே புகைத்திரை வெகுவாகக் கனத்துவிடுகிறது. உங்கள் வண்டிக்குரிய எல்லையும் அளவின் பக்கத்திலேயே காட்டப்படும்.

சட்டென்று அழுத்துவது ஏன்? மெல்ல அழுத்தினால் காற்றும் எரிபொருளும் ஒன்றையொன்று அனுசரித்துச் செல்லும். சட்டென்று அழுத்தும்போது எரிபொருட் பம்ப் முழு அளவை உடனே ஊற்றிவிடுகிறது. காற்றும் அதே வேகத்தில் வந்து சேரவேண்டும். வரவில்லையேல் எரியாத காபன் கரியாகி வெளியேறும். நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. டீசல் இயந்திரத்திலோ நெருப்புப் போதாமையினாலேயே புகைகிறது. ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கணக்கு அவ்வாறிருக்க, உருளைக்குள்ளே காற்றும் துளியும் நன்கு கலப்பதற்கு நேரம் போதாமையால், உண்மையில் இதனினும் மிகுதியான காற்று வேண்டப்படும். கரும்புகை கக்கும் வண்டியே வலுவுள்ள வண்டி என்று சாரதிகளிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. அப்புகை, பணம் கொடுத்து வாங்கிய டீசல், வேலை செய்யாமல் வெளியே போவது.

இயந்திரம் மாற்றிய வண்டியிலே காற்றுக் குறைவது எங்ஙனம் என்று பார்த்தால், பெரும்பாலும் மாற்றும்போது விட்டுவைத்த பழைய பாகங்களிலேதான் காரணம் கிடக்கும். 2,663 கனசென்ரிமீற்றர் கொண்ட நிசான் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அது ஓடும்போது, கணக்கின்படி ஏறத்தாழ 5,300 லீற்றர் காற்றை அது விழுங்கும். அதே சுற்றில் பழைய லாண்ட்றோவர் இயந்திரம் விழுங்கியது 4,600 லீற்றருக்கும் குறைவு. இந்த வேறுபாடு பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால் பெற்றோல் இயந்திரத்துக்கு மூச்சுக்குழாயிலே ஒரு கதவு உண்டு. சாரதி முழுதும் அழுத்தினாலன்றி அது முழு மூச்சு வாங்குவதில்லை. பெரும்பாலான டீசல் இயந்திரங்களுக்கு அக்கதவு இல்லை. ஓடும் நேரமெல்லாம் அவை முழு மூச்சே வாங்குகின்றன. அரை மூச்சுக்காரனுக்குத் தைத்த சட்டையை முழு மூச்சுக்காரனுக்கு மாட்டினாற்போல, பழைய காற்று வடிகட்டியையும் அதன் ஒடுங்கிய குழாயையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தோட்டத்துச் செம்மண் தூசு அந்த வடிகட்டியிலே இரண்டு மாதம் படிந்தால் மீதி மூச்சும் போய்விடும். இயந்திரம் வந்த வண்டியிலிருந்தே அதன் வடிகட்டிப் பெட்டியையும் சேர்த்து வாங்குவது நன்று. இடமில்லை என்று சொல்வார்கள். மூடியின் கீழ் இடம் தேடினாற் கிடைக்கும்.

புகைபோக்கியிலும் இதே கதை. புதிய இயந்திரத்தின் புகைவாய் பழையதற்கு மறுபக்கத்தில் இருக்கலாம். அப்போது குழாயைக் கியர்ப்பெட்டிக்குக் கீழே குறுக்காகக் கொண்டுசென்று, இரண்டு மூன்று இடங்களிலே வெட்டி ஒட்டி, பழைய சைலன்சரோடு இணைத்துவிடுகிறார்கள். வெட்டி ஒட்டிய மூலை ஒவ்வொன்றும் ஒரு தடை. வெளியே போக இடமில்லாத புகை உருளைக்குள்ளேயே தங்கிப் புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழாயை மூலையாக ஒட்டாது வளைத்துச் செய்விப்பதற்குச் சில ஆயிரம் ரூபா கூடச் செலவாகும். அச்செலவிலே நான் தயங்கமாட்டேன்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் நுட்பமானது, எரிபொருட் பம்ப். மாற்றப்படும் இயந்திரங்களிற் சில, இசுசு 4 ஜே.பி. 1 போன்றவை, காற்றை அழுத்திச் செலுத்தும் டேர்போவோடு வருவதும் உண்டு, டேர்போ இன்றி வருவதும் உண்டு. டேர்போவோடு வந்த இயந்திரத்திலிருந்து, இடமின்மையாலோ பழுதினாலோ டேர்போவைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வோர் உளர். அந்தப் பம்ப் மிகுதியான காற்றை எதிர்பார்த்து மிகுதியான எரிபொருளை ஊற்றும்படி அமைக்கப்பட்டது. அழுத்தக்காற்று இல்லாதபோது ஊற்றைக் குறைக்கும் சிறு கருவி அதிற் சேர்ந்திருப்பின் ஓரளவு தப்பலாம். அதையும் கழற்றியிருந்தாற் கரும்புகை நிச்சயம். இங்கே வடிகட்டியைத் துடைப்பதாற் பயனில்லை. பம்பை அதற்குரிய மேசையிலே ஏற்றி அளந்து திருத்தும் பட்டறைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நொசில்களையும் அவ்வேளையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நொசில் தூவவேண்டியது மஞ்சுபோல. தேய்ந்த நொசில் துளிதுளியாகச் சிந்தும். பெருந்துளி முழுதும் எரியாது.

நான்காவதாக ஒன்று சொல்லவேண்டும். இது நம் நாட்டுப் பழக்கம். வண்டி மலை ஏறும்போது தண்ணீர் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். கொதிப்புக்கு உண்மைக் காரணம் பழைய ரேடியேட்டர் புதிய இயந்திரத்துக்குப் போதாமையாகவோ, விசிறி தவறான இடத்தில் இருப்பதாகவோ இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் மலை ஏறும்போது ஓரளவு சூட்டில் இருந்தாலும், இறக்கத்திலும் நின்ற நிலையிலும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உருளையில் எரிதல் குறையும். ரிவர்ஸ்டன் குளிரிலே வெள்ளைப் புகை விட்டு நிற்கும் வண்டிகளிற் சிலவற்றுக்கு நோய் இதுவே.

வெள்ளையும் கருப்புமன்றி, நீலமும் உண்டு. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அதற்கு வளையங்களும் வால்வு முத்திரைகளும் தேய்ந்தது காரணம். வாங்கும்போதே தேய்ந்திருந்த இயந்திரத்தை எந்தப் பட்டறையும் திருகாணியால் திருத்திவிடாது.

இப்போது திருகாணியின் கதைக்கு வருகிறேன். பழைய பம்புகளிலே முழு ஊற்றை நிர்ணயிக்கும் திருகாணி ஒன்று வெளியிலேயே இருக்கும். மலை ஏறும்போது வலுப் போதவில்லை என்று அதனை உள்ளே திருகிவிடுகிறார்கள். வலுப் போதாமைக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பழைய வண்டியின் கியர் விகிதங்கள் பெற்றோல் இயந்திரத்தின் இயல்புக்கு அமைக்கப்பட்டவை. அதற்கு மேல், அழகுக்காகவும் உயரத்துக்காகவும் 6.00 அங்குல டயர் இருந்த இடத்தில் 7.50 அங்குல டயரை மாட்டினால், சக்கரத்தின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அளவு கூடிவிடுகிறது. அஃதாவது எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு உயர்ந்த கியர்களாகிவிடுகின்றன. இயந்திரம் திணறும், திருகாணி மேலும் உள்ளே போகும். அதற்கும் மேல், உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மாத்தளை நகரோடு ஒப்பிட்டால் ரிவர்ஸ்டன் உயரத்திலே ஒரு லீற்றர் காற்றின் நிறை பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றே குறைந்த இடத்தில் எரிபொருளைக் கூட்டி வலுத்தேடுவது, அடுப்பிலே காற்றில்லாதபோது விறகைத் திணிப்பதற்கு ஒப்பானது.

பரிசோதனை நாளன்று காலை அதே திருகாணி வெளியே வருகிறது. வண்டி நகரத்திலே சாதுவாகப் புகையின்றி நின்று சான்றிதழ் பெறுகிறது. மாலையிலே வீடு திரும்புமுன் திருகாணி மறுபடியும் உள்ளே போகிறது. இதனைச் செய்வோர் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேரையும் பத்து மூட்டையையும் ஏற்றிக்கொண்டு எல்கடுவப் பக்கத்து ஏற்றத்திலே பாதி வழியில் நின்றுபோனவர்கள் செய்யும் வேலை அது. ஆனால் அந்தத் தந்திரத்தின் விலையை அவர்கள் கணக்கிட்டதில்லை. மிகை எரிபொருள் புகைவாயின் சூட்டை ஏற்றுகிறது, பிஸ்டனைச் சுடுகிறது, கரி எண்ணெயிற் கலந்து தாங்கிகளைத் தின்கிறது. இரண்டாண்டிலே மற்றோர் இயந்திரம் தேடவேண்டி வருகிறது.

மேலும் அப்புகை எங்கே போகிறது? மலைப்பாதையிலே வண்டி மிகுதியாகப் புகைப்பது ஏற்றமான வளைவுகளில். தோட்டத்து லயன்கள் பல அந்தப் பாதையோரத்திலேயே நிற்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் அதே ஏற்றத்தை நடந்து ஏறுகின்றனர். ஏறும் பிள்ளை ஆழ மூச்சு வாங்குகிறது. 2012 ஆம் ஆண்டிலே, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. புகையைப் பற்றி உலகம் விழித்துக்கொண்டது அதற்கும் வெகுகாலம் முன்பே. 1952 ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலண்டன் நகரை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதே காலத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண் எரிக்கும் மூட்டத்துக்கு, மோட்டார் வண்டிகளின் புகை சூரிய ஒளியோடு சேர்ந்து நிகழ்த்தும் இரசாயன மாற்றமே காரணம் என்று ஹாகன் ஸ்மித் என்னும் அறிஞர் காட்டினார்.

அந்தக் கலிபோர்னியாவிலே இயந்திரம் மாற்றிய வண்டியை எவ்வாறு நடத்துகின்றனர் என்பது நமக்குப் பயன்படும் செய்தி. அங்கே 1984 ஆம் ஆண்டு முதல் புகைச்சோதனைத் திட்டம் நடக்கிறது. இயந்திரம் மாற்றிய வண்டி சாதாரண நிலையத்தோடு நின்றுவிட முடியாது. நடுவர் நிலையம் என்று அழைக்கப்படும் தனி இடத்துக்குச் செல்லவேண்டும். புதிதாகப் பொருத்தும் இயந்திரம் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். முந்தியதாக இருத்தல் ஆகாது. அவ்வியந்திரத்தோடு தொழிற்சாலையிலே பொருத்தப்பட்டிருந்த புகைதடுப்புக் கருவிகள் அனைத்தும் அதனோடு கூடவே வந்திருத்தல் வேண்டும். எல்லாம் சரியெனக் கண்டால் வண்டியிலே ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதன்பின் அது மற்ற வண்டிகளைப்போல எந்த நிலையத்துக்கும் போகலாம். நம் நாட்டில் அத்தகைய விதி இல்லாவிடினும், அதன் கருத்தை நாமாகவே கைக்கொள்வதற்குத் தடையில்லை. இயந்திரத்தை மட்டும் வாங்காதீர்கள். அதன் மூச்சுக்குழாய், வடிகட்டி, பம்ப், புகைவாய், ரேடியேட்டர் அனைத்தையும் ஒரு குடும்பமாக வாங்குங்கள். அவ்வாறு பொருத்திய வண்டி மலை ஏறுவதற்கும் சோதனையில் தேறுவதற்கும் ஒரே திருகாணி நிலை போதும்.

பெற்றோல் இயந்திரம் மாற்றியோருக்கும் இரண்டு வார்த்தை. அங்கே அளக்கப்படுவன காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். அண்மைக்கால இயந்திரங்களிலே எரிபொருள் அளவை ஒரு மின்மூளை தீர்மானிக்கிறது. அதற்குச் செய்தி சொல்வது புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி. பொருத்தும் கராஜிலே கம்பிகள் மிஞ்சிவிட்டன என்று அவ்வுணரியை விட்டுவிட்டால், மின்மூளை குருடன் சமைப்பதுபோல மிகையாக ஊற்றும். வினையூக்கிப் பெட்டியையும் கழற்றி விற்றுவிட்டால் கதை முடிந்தது.

இப்பரிசோதனை எல்லாவற்றையும் காண்பதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். டீசல் வண்டியின் நைதரசன் ஒட்சைட்டுகளைக் கரியளக்கும் கருவி காண்பதில்லை. ஆண்டின் 365 நாளில் ஒரு நாளையே அது அறியும். இவை அதன் குறைகள். எனினும் அந்த ஒரு நாளாவது பம்பையும் வடிகட்டியையும் மக்கள் திறந்து பார்க்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஈற்றிலே, நாள் குறித்தபின் செய்யவேண்டியவை. எண்ணெயும் வடிகட்டியும் ஒரு வாரம் முன்னரே மாற்றுக. டொயோட்டா 2 எல் போன்று டைமிங் பெல்ட் கொண்ட இயந்திரமாயின், பெல்ட் எப்போது மாற்றப்பட்டதென்று தெரியாது சோதனைக்குப் போகாதீர்கள்; உச்சச் சுழற்சிக்குச் சட்டென ஏற்றும்போது நைந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இயந்திரமே போய்விடும். நிசான் டி.டி. 27 இல் பற்சக்கரங்களே அவ்வேலையைச் செய்வதால் இப்பயம் இல்லை. ரத்தோட்டைப் பக்கமிருந்து வருவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. அங்கிருந்து மாத்தளை நகருக்கு வழி முழுதும் இறக்கம். இயந்திரம் உழைக்காது குளிர்ந்தபடியே வரும். புகைபோக்கியில் பழைய கரியும் படிந்திருக்கும். ஆகவே நேரே நிலையத்துக்குப் போகாமல், கண்டி வீதியிலே பலகடுவ ஏற்றம் வரை ஒருமுறை ஏற்றி இறக்கி, சூடு ஆறுமுன் வரிசையிலே நிற்பது நல்லது. சான்றிதழ் கிடைத்ததும் அதிலுள்ள எண்ணை வண்டிக் கதவின் உட்புறத்திலே வர்ணத்தால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எண் அதைவிட ஏறியிருந்தால், எல்லைக்குள் இருந்தாலும், நொசிலைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.